விண்டோஸை ரிப்பேர் செய்த பிறகு திரை கெட்டுவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை, நீலத்திரை வந்து நிற்கிறது என்று விண்டோஸை ரிப்பேர் செய்திருப்பீர்கள், இல்லையென்றால் ரீசெட் கொடுத்திருப்பீர்கள். விண்டோஸ் பிழைத்துக்கொண்டது. ஆனால் திரை பழைய மாதிரி இல்லை. எழுத்தெல்லாம் ஊதிப்போயிருக்கிறது, நிறம் வெளிறிவிட்டது, சிலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. இந்த நிலையில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் திரைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதை உறுதிப்படுத்திக்கொள்ளும் முன் புதிதாக எதையும் வாங்காதீர்கள்.

ரிப்பேருக்கு முன்பு நன்றாக இருந்த திரையில், இப்போது ஏன் ஐகான்கள் பெரிது பெரிதாக, மங்கலாகத் தெரிகின்றன?

திரையில் படம் வர வேண்டுமென்றால் கிராபிக்ஸ் சிப்பும் விண்டோஸும் பேசிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சுக்கு நடுவில் இருப்பது டிரைவர். ரிப்பேர், ரீசெட், மேலோடு மேலாக மறுபடி இன்ஸ்டால் செய்வது என்று எந்த வழியில் போனாலும், விண்டோஸ் தன் கோப்புகளைப் புதிதாக எடுத்து வைக்கும்போது அந்த டிரைவர் காணாமல் போகலாம், அல்லது பாதியில் அறுந்து நிற்கலாம்.

டிரைவர் இல்லையே என்று விண்டோஸ் திரையை இருட்டாக விட்டுவிடாது. எல்லாச் சிப்பிலும் ஓரளவு ஓடக்கூடிய தற்காலிக டிரைவர் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ளும். விண்டோஸ் 8 முதல் அதன் பெயர் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர். அதற்கு முன்பு அந்த இடத்தில் விஜிஏ டிரைவர் இருந்தது. எக்ஸ்பி காலத்தில் ரிப்பேர் முடிந்ததும் 640×480 திரையும் 16 நிறமும் வந்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இந்தத் தற்காலிக டிரைவரால் ரெசல்யூஷனை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது என்ன அளவு கிடைத்ததோ அதையே வைத்துக்கொள்ளும். அது பல நேரம் 1024×768 அல்லது 800×600. உங்கள் லேப்டாப் திரை 1366×768 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1024 புள்ளிகளை 1366 புள்ளிகளுக்கு இழுத்து நிரப்பினால் எல்லாம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வட்டம் முட்டை வடிவம் ஆகும், மனிதர்கள் குண்டாகத் தெரிவார்கள். ஒரு புள்ளி அடுத்த புள்ளிக்குள் பாதி வழிவதால் எழுத்தும் மங்கும். நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

அதுதான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். அதில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்ற வரிக்கு இடப்பக்கம் இருக்கும் அம்புக்குறியை அழுத்தினால் உள்ளே பெயர் தெரியும். இன்டெல், என்விடியா, ஏஎம்டி என்று ஏதாவது ஒரு பெயரும் மாடல் எண்ணும் இருந்தால் டிரைவர் இருக்கிறது. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், டிரைவர் இல்லை. அந்த வரியே இல்லாமல், கீழே 'அதர் டிவைசஸ்' பகுதியில் மஞ்சள் முக்கோணத்தோடு 'வீடியோ கன்ட்ரோலர்' என்று நின்றாலும் பொருள் அதேதான்.

பலர் கவனிக்காத இன்னொரு அடையாளம் உண்டு. பவர் மெனுவில் 'ஸ்லீப்' இருக்கிறதா பாருங்கள். தற்காலிக டிரைவரில் ஓடும்போது கம்ப்யூட்டரால் தூங்கப்போக முடியாது, அதனால் அந்தத் தேர்வே மறைந்துவிடும். ஒளியளவை மாற்றும் பட்டையும் அதோடு சேர்ந்து போயிருக்கும்.

டிரைவர்தான் போயிருக்கிறதா, திரையே கெட்டுவிட்டதா? எனக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் அக்காவின் லேப்டாப்பை ரிப்பேர் செய்து கொடுத்தவர், "திரை போய்விட்டது, பேனலை மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிட்டார். அக்கா பணத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பார்த்தபோது டெஸ்க்டாப்பில் வைத்திருந்த அவளுடைய குழந்தையின் படத்தில் முகம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது, சைக்கிள் சக்கரம் முட்டையாக இருந்தது. பேனல் கெட்டால் கோடு விழும், கறை தெரியும், ஒரு பக்கம் இருளும். சக்கரத்தை முட்டையாக்க அதற்குத் தெரியாது. டிரைவரைப் போட்டதும் அரை மணி நேரத்தில் அதே திரை பழையபடி வந்துவிட்டது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் கீழே உள்ள சோதனைகளைச் செய்யச் சொல்கிறேன். காசு எதுவும் ஆகாது.

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து பயாஸ் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) உள்ளே போங்கள். எஃப்2 அல்லது டெலீட், மாடலுக்கு ஏற்ப விசை மாறும். அங்கே விண்டோஸும் இல்லை, விண்டோஸின் டிரைவரும் இல்லை. பயாஸ் திரையிலேயே கோடும் கறையும் தெரிந்தால் வன்பொருளில் ஏதோ இருக்கிறது. அங்கே பளிச்சென்று இருந்து, விண்டோஸ் வந்ததும் கெட்டால் பேனலைச் சந்தேகிக்க வேண்டாம்.

இரண்டாவது சோதனை ஸ்கிரீன்ஷாட். திரையில் கோடோ கட்டம் கட்டமாகச் சிதறலோ தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனிலும் அந்தக் கோடு தெரிந்தால், படம் கம்ப்யூட்டருக்குள்ளேயே கெட்டுவிட்டது என்று பொருள், அதாவது டிரைவர் அல்லது கிராபிக்ஸ் சிப். போனில் படம் சுத்தமாக இருந்தால் கேபிள், பேனல், மானிட்டர் பக்கம் தேடுங்கள். போன் கேமராவால் திரையைப் படம் எடுத்து அனுப்பினால் இது தெரியாது. ஸ்கிரீன்ஷாட்தான் வேண்டும்.

லேப்டாப் திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் வருகிறது, பின்னால் இருக்கும் விளக்கு எரியவில்லை. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் வேறு கேபிள், வேறு மானிட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும்.

எந்த டிரைவரை இறக்க வேண்டும்? என் கிராபிக்ஸ் சிப்பின் பெயரே எனக்குத் தெரியாதே.

பெயர் தெரியாவிட்டாலும் சிப்புக்கு ஓர் எண் உண்டு, அது எந்த ரிப்பேரிலும் அழியாது. டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் மீது வலது கிளிக், 'ப்ராபர்ட்டீஸ்', மேலே 'டீடெய்ல்ஸ்' தாவல், கீழே இறங்கும் பட்டியலில் 'ஹார்டுவேர் ஐடிஸ்'. நீளமாக ஒரு வரி வரும். அதில் 'வென்' (VEN) என்பதற்கு அடுத்த நான்கு எழுத்து, சிப்பைச் செய்த நிறுவனம்: 8086 என்றால் இன்டெல், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. 'டெவ்' (DEV) என்பதற்கு அடுத்த நான்கும் சிப்பின் மாடல். இந்த இரண்டையும் தேடுபொறியில் போட்டால் பெயர் கிடைத்துவிடும்.

லேப்டாப் என்றால் முதலில் அந்த லேப்டாப் நிறுவனத்தின் தளத்துக்குப் போய், உங்கள் மாடலுக்கு என்று வைத்திருக்கும் டிரைவரை எடுங்கள். சிப் நிறுவனத்தின் தளத்தில் புதிய பதிப்பு இருக்கலாம். ஆனால் லேப்டாப் நிறுவனம் ஒளியளவு விசை, மூடியை மூடினால் தூங்குவது, இரண்டு சிப்புக்கு இடையே மாறுவது போன்றவற்றுக்காகத் தன் டிரைவரில் சில மாற்றங்கள் செய்திருக்கும். முதலில் அதைப் போட்டு எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு, வேண்டுமானால் புதியதற்குப் போகலாம். தனி கிராபிக்ஸ் கார்டு மாட்டிய டெஸ்க்டாப்புக்கு நேராகச் சிப் நிறுவனத்தின் தளமே போதும்.

இன்டெல்லும் என்விடியாவும் சேர்ந்த லேப்டாப்பில் வரிசை முக்கியம். மதர்போர்டுக்கான சிப்செட் டிரைவர் முதலில், அப்புறம் இன்டெல், கடைசியில் என்விடியா. இப்படிப்பட்ட பெரும்பாலான மாடல்களில் லேப்டாப்பின் சொந்தத் திரை இன்டெல்லோடுதான் இணைந்திருக்கும், என்விடியா தன் வேலையை முடித்து அதன் வழியாகத்தான் படத்தை அனுப்பும். இன்டெல் டிரைவர் இல்லாமல் என்விடியாவை மட்டும் போட்டுவிட்டு, "போட்டும் சரியாகவில்லையே" என்று தவிப்பவர்கள் நிறைய.

வைஃபை டிரைவரும் போய்விட்டது. இணையம் இல்லாமல் எப்படி இறக்குவது?

போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் விண்டோஸ் அதைத் தானாகவே நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். இணையம் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஒருமுறை ஓடவிட்டு, 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பகுதியில் டிரைவர் ஏதாவது காத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலருக்கு இந்த ஒன்றிலேயே திரை சரியாகிவிடும். போன் வழியும் சரிப்படவில்லை என்றால் வேறு கம்ப்யூட்டரில் இறக்கி பென் டிரைவில் கொண்டு வாருங்கள்.

என் மாடலுக்கான டிரைவர் இணையத்தில் எங்குமே இல்லை. பழையதை மீட்க வழி உண்டா?

உண்டு, பலருக்குத் தெரியாத வழி இது. ரீசெட்டோ மறு இன்ஸ்டாலோ முடிந்த பிறகு சி டிரைவில் பெரும்பாலும் 'விண்டோஸ்.ஓல்டு' என்று ஒரு ஃபோல்டர் நிற்கும். பழைய விண்டோஸ் அதற்குள் இருக்கிறது. அதற்குள் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர், ஃபைல்ரெபாசிட்டரி என்று வரிசையாக உள்ளே போனால், முன்பு ஓடிக்கொண்டிருந்த டிரைவர்கள் எல்லாம் அங்கே அப்படியே கிடக்கும். டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, 'ப்ரவுஸ் மை கம்ப்யூட்டர்' வழியாக அந்த ஃபைல்ரெபாசிட்டரி ஃபோல்டரைக் காட்டுங்கள். கீழே உள்ள 'சப்ஃபோல்டர்ஸ்' கட்டத்தில் டிக் இருக்கட்டும். விண்டோஸ் தானே தேடி எடுத்துக்கொள்ளும்.

ஆனால் தள்ளிப் போடாதீர்கள். அந்த ஃபோல்டரை விண்டோஸ் பத்து நாட்களில் தானாகவே அழித்துவிடும். டிஸ்க் கிளீனப் ஓட்டினால் அதற்கு முன்பே போய்விடலாம். எனவே திரை சரியாகும்வரை இடம் காலி செய்யும் வேலை எதையும் தொடாதீர்கள்.

டிரைவரைப் போட்டும் மஞ்சள் முக்கோணம் போகவில்லை. அடுத்து என்ன?

அந்த அடாப்டரின் ப்ராபர்ட்டீஸ் பகுதியைத் திறந்தால் ஒரு 'கோட்' எண் இருக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். 28 என்றால் டிரைவர் இன்ஸ்டாலே ஆகவில்லை. 22 என்றால் யாரோ அதை முடக்கி வைத்திருக்கிறார்கள், வலது கிளிக்கில் 'எனேபிள்' கொடுத்தால் போதும். 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. 10, 31, 43 மூன்றும் டிரைவர் இருந்தும் ஓட முடியவில்லை என்று சொல்பவை. இதில் 43 கொஞ்சம் கவலைக்குரியது. பழைய டிரைவரின் மிச்சத்தாலும் வரும், சிப்பே பழுதானாலும் வரும். முதலில் மிச்சத்தைத் துடைத்துப் பார்ப்போம்.

அடாப்டரில் வலது கிளிக், 'அன்இன்ஸ்டால் டிவைஸ்'. வரும் பெட்டியில் டிரைவரையும் சேர்த்து நீக்கும் கட்டம் ஒன்று இருக்கும், அதில் டிக் போட்டால்தான் பழையது உண்மையில் போகும். அப்புறம் ரீஸ்டார்ட் செய்து, இறக்கி வைத்த டிரைவரைப் போடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, சுருக்கமாக டிடியூ. அதைச் சேஃப் மோடில், அதாவது அவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸில், ஓட்ட வேண்டும் (உள்ளே போகும் வழி அடுத்த கேள்வியில்). ஓட்டும் முன் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் துடைத்து முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் தன் பங்குக்கு ஒரு டிரைவரைக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

சேஃப் மோடுக்குள் போகும் முன் ஓர் எச்சரிக்கை. உங்கள் கம்ப்யூட்டரில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் வழியில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைபவர்களுக்கு அது பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். எண் இல்லாமல் மாட்டிக்கொண்டால் திரைப் பிரச்சினை சின்ன விஷயமாகிவிடும்.

திரை முழுக்கக் கறுப்பு. எதையும் பார்க்க முடியாமல் எப்படிச் சரிசெய்வது?

கறுப்பிலும் வகை உண்டு. மவுஸ் அம்புக்குறி மட்டும் தெரிகிறதா? அப்படியானால் படம் வருகிறது, டெஸ்க்டாப்பை வரையும் எக்ஸ்ப்ளோரர்தான் எழவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைக் கொண்டுவாருங்கள். அதில் புதிய டாஸ்க் ஓட்டும் இடத்தில் எக்ஸ்ப்ளோரர் (explorer) என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள்.

அம்புக்குறியும் இல்லையென்றால் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து ஒரே முறை அழுத்துங்கள். இது கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் எழுப்பிவிடும் விசை. 'பீப்' என்று சத்தம் கேட்டால் உள்ளே விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, உங்கள் வேலையும் பத்திரமாக இருக்கிறது. அதிலும் படம் வரவில்லை என்றால் விண்டோஸ் விசையும் இன்னொரு பியும் (P) சேர்த்து அழுத்தி, கீழ்நோக்கு அம்பை ஒருமுறை தட்டி என்டர் கொடுங்கள். இல்லாத இரண்டாவது திரைக்குப் படம் போய்க்கொண்டிருந்தால் திரும்பி வரும். ஒரே முறையில் வராவிட்டால் சில நொடி பொறுத்து மறுபடி செய்து பாருங்கள், தேர்வுகள் வரிசையாக மாறிக்கொண்டே போகும்.

இதற்கும் அசையவில்லை என்றால், விண்டோஸ் சின்னம் வரும் நேரத்தில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் அடுத்த முறை மீட்புத் திரை தானாக வரும். அந்த நீலத் திரை உங்கள் கண்ணில் பட்டாலே பேனலும் கேபிளும் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம். அதில் 'ட்ரபுள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்'. வரும் பட்டியலில் 3 குறைந்த ரெசல்யூஷன், 4 சேஃப் மோடு, 5 இணையத்தோடு சேஃப் மோடு. நான் முதலில் 3 அழுத்திப் பார்ப்பேன், ஏனென்றால் அதில் மற்ற எல்லாம் வழக்கம்போல ஓடும். உள்ளே போனதும் மேலே சொன்னபடி டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடலாம்.

டெஸ்க்டாப்காரர்கள் இதற்கெல்லாம் முன்பு கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும், ரிப்பேருக்காகக் கழற்றிய கேபிளைத் திரும்ப மாட்டும்போது மதர்போர்டில் உள்ள சொருகியில் மாட்டியிருப்பார்கள். கார்டின் சொருகிகள் கீழே தனி வரிசையில் படுக்கைவாட்டில் இருக்கும்.

ரெசல்யூஷன் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுத்து மங்கல்.

டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'ரெகமெண்டட்' என்று குறித்த ரெசல்யூஷன்தான் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது 'ஸ்கேல்'. 100% என்றால் ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளிகள், 125% என்றால் 120, 150% என்றால் 144. ரிப்பேருக்கு முன் 125-ல் இருந்தது இப்போது 100-க்கோ 150-க்கோ போயிருக்கலாம். தனிப்பயன் ஸ்கேல் என்று 117 போன்ற எண் ஏதாவது ஏறியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள், மங்கலுக்கு அதுவே போதுமான காரணம். மாற்றியதும் ஒருமுறை வெளியேறி மறுபடி நுழையுங்கள்.

அதற்கும் பிறகு எழுத்தின் விளிம்பு பிசிறாக இருந்தால் ஸ்டார்ட் மெனுவில் கிளியர்டைப் என்று தேடித் திறங்கள். ஐந்து திரைகளில் மாதிரி எழுத்துகளைக் காட்டி எது தெளிவு என்று கேட்கும். தமிழில் அதிகம் படிப்பவர்கள் இதைத் தவறவிடாதீர்கள். ணகர, னகரத்தின் சுழிகள் சின்ன எழுத்தில் ஒட்டிக்கொள்வதற்கு இது பல நேரம் மருந்தாகிறது. ஒரே ஒரு மென்பொருள் மட்டும் மங்கலாக இருந்தால் அது அந்த மென்பொருளின் ஸ்கேல் பிரச்சினை. அதன் ப்ராபர்ட்டீஸில் 'கம்பாட்டிபிலிட்டி' தாவலுக்குள் உயர் டிபிஐ அமைப்பை 'அப்ளிகேஷன்' என்று மாற்றிப் பாருங்கள்.

நிறம் வெளிறி, அல்லது மஞ்சளாகத் தெரிகிறது.

மஞ்சள் என்றால், இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் இயங்குகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். எல்லாம் வெளிறிச் சாம்பல் பூத்தாற்போல இருந்தால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் உள்ள எச்டிஆர் (HDR) தானாக இயங்கியிருக்கலாம், அதை அணையுங்கள்.

எச்டிஎம்ஐயில் மாட்டிய மானிட்டரில் கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பலாக இருந்தால் அது வேறு கதை. டிவிக்களின் வழக்கப்படி நிறத்தின் அளவு 16 முதல் 235 வரைதான் போகும், கம்ப்யூட்டர் மானிட்டருக்கு 0 முதல் 255 வரை. புதிதாகப் போட்ட டிரைவர் உங்கள் மானிட்டரை டிவி என்று நினைத்துவிட்டால் முழுக் கறுப்பாக 16-ஐ அனுப்பும், மானிட்டர் அதைச் சாம்பலாகக் காட்டும். கிராபிக்ஸ் கன்ட்ரோல் பேனலில் நிற வரம்பை 'லிமிடெட்' என்பதிலிருந்து 'ஃபுல்' என்று மாற்றுங்கள். படத்தின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் பாதி மறைந்தாலும் இதே தவறான அடையாளம்தான் காரணமாக இருக்கும். அதை மானிட்டரின் சொந்த மெனுவில் ஓவர்ஸ்கேனை அணைத்துச் சரிசெய்யலாம்.

ஒளியளவு விசைகள் வேலை செய்யவில்லை.

டிரைவர் சரியாக வந்ததும் இது பெரும்பாலும் தானே திரும்பிவிடும். வரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் 'மானிட்டர்ஸ்' பகுதியில் 'ஜெனரிக் பிஎன்பி மானிட்டர்' முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸில் உள்ள பட்டை வேலை செய்து, விசை மட்டும் செய்யவில்லை என்றால் லேப்டாப் நிறுவனத்தின் ஹாட்கீ மென்பொருள் போயிருக்கிறது. அவர்கள் தளத்திலிருந்து அதையும் இறக்குங்கள்.

4கே மானிட்டரில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது.

அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதிதாக வரையப்படுகிறது என்ற எண், 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். 60 பட்டியலிலேயே இல்லையென்றால் கேபிளையும் சொருகியையும் பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் 30-க்கு மேல் போகாது, 2.0 வேண்டும். ரிப்பேர் நேரத்தில் கேபிளை வேறு சொருகிக்கு மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-க்கு இறங்கியிருந்தால் அது வெறும் அமைப்பு மாற்றம், அதே இடத்தில் உயர்த்திவிடலாம்.

படம் நடுநடுவே உறைந்து, 'டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்கவில்லை, மீண்டுவிட்டது' என்று வருகிறது.

கிராபிக்ஸ் சிப்புக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு விண்டோஸ் 2 நொடி காத்திருக்கும். பதில் வரவில்லை என்றால் டிரைவரை நிறுத்தி மறுபடி எழுப்பும். அந்த நேரத்தில் வருவதுதான் இந்தச் செய்தி. எழுப்பவும் முடியாமல் போனால் நீலத்திரை. ரிப்பேருக்குப் பிறகு புதிதாக இது ஆரம்பித்திருந்தால், இப்போது ஏறியிருக்கும் டிரைவரை நீக்கி, முன்பு நன்றாக ஓடிய பதிப்பையே போடுங்கள். புதியதுதான் நல்லது என்று எப்போதும் சொல்ல முடியாது, முக்கியமாகப் பழைய சிப்களுக்கு. இரண்டு மூன்று பதிப்பு மாற்றியும் நிற்கவில்லை என்றால் தூசி, சூடு, பவர் சப்ளை பக்கம் பாருங்கள். இணையத்தில் சிலர் அந்த 2 நொடியை ரெஜிஸ்ட்ரியில் கூட்டிவிடச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். காய்ச்சல் மானியை உடைத்தால் காய்ச்சல் இறங்காது.

நான் சரியான டிரைவரைப் போடுகிறேன், விண்டோஸ் அப்டேட் வந்து மாற்றிவிடுகிறது.

டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழையதற்குத் திரும்புங்கள். மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த 'ஷோ ஆர் ஹைடு அப்டேட்ஸ்' என்ற சிறு கருவி கிடைத்தால், அதில் அந்த ஒரு டிரைவரை மட்டும் மறைத்துவிடுங்கள். ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் குரூப் பாலிசியில் அப்டேட்டோடு டிரைவர் வரக் கூடாது என்றே அமைக்கலாம். ஹோம் பதிப்பில் அந்த வசதி இல்லை. இதற்காகப் பாதுகாப்பு அப்டேட்களை மொத்தமாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கும்' மென்பொருள் போடலாமா?

வேண்டாம். உங்களுக்குத் தேவை ஒன்றோ இரண்டோ டிரைவர்தான். அவை மைக்ரோசாஃப்ட், லேப்டாப் நிறுவனம், சிப் நிறுவனம் ஆகிய மூன்று இடங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே கிளிக் மென்பொருள்கள் ஓடிக்கொண்டிருக்கும் சவுண்டையும் டச்பேடையும்கூட மாற்றிக் கலைத்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். மாற்றியது எது என்று தெரியாமல் அதைத் திருப்பவும் முடியாது.

எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளையை ஓட்டச் சொல்கிறார்களே, அது உதவுமா?

விண்டோஸின் சொந்தக் கோப்புகள் கெட்டிருந்தால் உதவும். டாஸ்க்பார் வெறுமையாக இருக்கிறது, ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, ஐகான் படங்கள் வெள்ளைத் தாளாகத் தெரிகின்றன என்றால் ஓட்டுங்கள். ஓட்டும் முன் டிஐஎஸ்எம் கட்டளையில் ரெஸ்டோர்ஹெல்த் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth) கொடுத்து முடியுங்கள். எஸ்எஃப்சி மாற்றுக் கோப்புகளை எடுக்கும் கிடங்கைச் சரிசெய்வது அதுதான். ஆனால் இல்லாத கிராபிக்ஸ் டிரைவரை இவை இரண்டுமே கொண்டுவந்து தராது.

என்னிடம் இன்னும் விண்டோஸ் 7 தான் இருக்கிறது.

ரிப்பேர் செய்த விண்டோஸ் 7 பழைய அப்டேட் நிலைக்குப் போய்விடும். 2019-க்குப் பிறகு வந்த டிரைவர்களின் கையொப்பம் ஷா-2 முறையில் இருக்கும், அதைப் படிக்கும் அப்டேட் உங்களிடம் இருக்காது. கோட் 52 வருவது அதனால்தான். ஷா-2 அப்டேட்டை முதலில் போடுங்கள், அல்லது அதற்கு முந்தைய டிரைவரைத் தேடுங்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்தது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு. டிரைவர் தேடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

லினக்ஸில் இதே பிரச்சினை வந்தால்?

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் மாறிய பிறகு திரை கறுத்தால், பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் 'இ' (E) விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் (nomodeset) என்று சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். குறைந்த ரெசல்யூஷனில் உள்ளே விடும். என்விடியா டிரைவர் புதிய கர்னலுக்காக மறுபடி கட்டப்படாமல் நின்றிருக்கும், அல்லது செக்யூர் பூட் அதைத் தடுத்திருக்கும்.

அடுத்த முறை ரிப்பேர் செய்யும் முன் என்ன செய்து வைக்க வேண்டும்?

டிரைவர்களை நகல் எடுத்து வையுங்கள், ஐந்து நிமிட வேலை. பென் டிரைவில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பிஎன்பியூடில் கட்டளை, ஓர் இடைவெளி, சாய்கோட்டோடு சேர்த்து எக்ஸ்போர்ட்-டிரைவர், ஓர் இடைவெளி, நட்சத்திரக் குறி, ஓர் இடைவெளி, அந்த ஃபோல்டரின் முகவரி என்று தட்டச்சு செய்யுங்கள் (pnputil /export-driver * முகவரி). என்டர் தட்டினால், விண்டோஸோடு வராத எல்லா டிரைவர்களும் அந்த ஃபோல்டருக்குள் வந்து சேரும். ரிப்பேர் முடிந்து திரை ஊதிப்போய் வந்தால், டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டிவிடுங்கள். பிட்லாக்கர் எண்ணையும் கிராபிக்ஸ் சிப்பின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, அந்தப் பென் டிரைவோடு வைத்துக்கொள்ளுங்கள்.